முன்னோருக்குப் பின்னோர் சூட்டிய பெயர்

இங்கிலாந்தை 1154 முதல் 1485 வரை ஆண்ட அரச மரபைப் பிளான்டாஜெனட் என்ற பெயரால் குறிப்பது வரலாற்று நூல்களில் வேரூன்றிய வழக்கமாக இருந்தாலும், அம்மரபின் முதல் அரசரான இரண்டாம் ஹென்றியோ அவருக்குப் பின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரியணையில் இருந்த வழித்தோன்றல்களோ அதைத் தம் குடும்பப்பெயராகக் கையாண்டதற்குச் சான்று இல்லை. ஆகவே அப்பெயர் வாக்கியத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது நடையை மட்டும் சார்ந்த செய்தியன்று. அது வரலாற்றுக் கூற்றாகவும் ஆகிவிடுகிறது.

முதலில் இது ஒரு தனிமனிதரின் பட்டப்பெயர். பிரான்சின் ஆஞ்சு நாட்டை ஆண்ட ஜெப்ரி (1113–1151), மஞ்சள் பூப் பூக்கும் ஒருவகைப் புதர்ச்செடியின் கொத்தைத் தலையணியில் செருகியிருந்ததால் அச்செடியின் லத்தீன் பெயரிலிருந்து இது வந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவருடைய மகனான இரண்டாம் ஹென்றி தந்தையின் பட்டப்பெயரை ஏற்கவில்லை. தாய் மெடில்டா பேரரசி என்பதால் 'பேரரசியின் மகன்' என்றே அறியப்பட்டார். பிற்கால இளவரசர்கள் பிறந்த ஊரால் அடையாளம் பெற்றனர். இன்றைய பெல்ஜியத்திலுள்ள கென்ட் நகரில் 1340இல் பிறந்தவர் 'ஜான் ஆஃப் கான்ட்' ஆனதும், அவர் மகன் நான்காம் ஹென்றி பாலிங்புரோக் என்று வழங்கப்பட்டதும் இம்முறையில்தான்.

பட்டப்பெயரைக் குடும்பப்பெயராக மீட்டெடுத்தவர் யார்க் கோமகன் ரிச்சர்ட். ஆறாம் ஹென்றிக்கு எதிராக அரியணை உரிமை கோரி 1460 அக்டோபரில் அவர் நாடாளுமன்றத்தின் முன் வைத்த கோரிக்கையில் ரிச்சர்ட் பிளான்டாஜெனட் என்ற பெயர் முதலில் நிற்க, யார்க் கோமகன் என்பது அவரைப் பொதுவாக அழைக்கும் பெயராக அதன் பின்னே வருகிறது. கோமகன் பட்டம் அரசர் அளிப்பது, அரசரே பறிக்கக்கூடியது; மூதாதையின் பெயரோ பிறப்பால் வருவது என்பதை நினைத்தால், அவ்வரிசை எழுத்தரின் விருப்பப்படி அமைந்தது என்று கொள்வது கடினம். அவ்வாண்டு டிசம்பர் 30இல் வேக்பீல்டு போரில் ரிச்சர்ட் மாண்டார். அடுத்த ஆண்டே அவருடைய மகன் நான்காம் எட்வர்டாக அரசேறினார். அவ்வெட்வர்டுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்து, 1533 முதல் 1540 வரை கலேயில் அரசப் பிரதிநிதியாக இருந்த ஆர்தரின் காலத்தில் இது வாழ்ந்தவர் ஒருவர் உண்மையாகவே தாங்கிய குடும்பப்பெயராயிற்று.

ஷேக்ஸ்பியர் தம் 'கிங் ஜான்' நாடகத்தில், முதலாம் ரிச்சர்டின் மகனாகக் காட்டப்படும் பாத்திரத்துக்கு அரசரே இப்பெயரை வழங்குவதாக அமைத்தார். மேடைக்கு அது பொருந்தும். 1216இல் இறந்த ஜான் இப்பெயரைப் பயன்படுத்தினார் என்பதற்கு அது சான்றாகாது. மரபு முழுவதற்கும் பொதுப்பெயராக வரலாற்றாசிரியர்களிடையே இது பரவியதும் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான். இன்றும் பலர் முதல் மூன்று அரசர்களை ஆஞ்சு மரபினர் எனப் பிரித்து, மூன்றாம் ஹென்றியிலிருந்தே பிளான்டாஜெனட் எனத் தொடங்குவர்.

எனவே தமிழில் எழுதுவோர் 'பிளான்டாஜெனட் மரபினரான இரண்டாம் ஹென்றி' என்று பெயரை மரபுக்கு அடைமொழியாக்கினால், அது பின்வந்தோர் வகுத்த பாகுபாடு என்பது வாக்கியத்திலேயே விளங்கும். 'ஹென்றி பிளான்டாஜெனட்' என்றாலோ அவரே அவ்வாறு எழுதிக்கொண்டதாகத் தோன்றும். ஆர்தருக்கு இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. 'ஆர்தர் பிளான்டாஜெனட்' என்றே எழுதலாம். 'ரிச்சர்ட் பிளான்டாஜெனட்' என்பதை யார்க் கோமகனுக்கே ஒதுக்கி, முதலாம் ரிச்சர்டையும் மூன்றாம் ரிச்சர்டையும் அரச எண்ணால் சுட்டுவது நல்லது. இல்லையெனில், அரியணை கோரியும் முடிசூடாமல் மாண்டவரும் முடிசூடி ஆண்ட இருவரும் ஒரே பெயரில் கலந்து வாசகரைக் குழப்புவர்.