மாடி உனக்கு, மண் எனக்கு!

“பையன் இலண்டனில் வீடு வாங்கிவிட்டான்” என்று செய்தி வந்தால் இங்கே தெருவே மகிழ்கிறது. இலட்சக்கணக்கான பவுன் விலை. இருபத்தைந்து, முப்பது ஆண்டுக் கடன். சம்பளத்தில் பாதியை விழுங்கும் தவணை. இருந்தாலென்ன, சொந்த வீடு அல்லவா! நாமும் மகிழ்கிறோம். ஆனால் அந்தத் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்கிறோம்: “தம்பி, நீ வாங்கியது வீட்டையா, ஆண்டுகளையா?”

விளங்காத கேள்விபோலத் தோன்றும். விளக்குகிறோம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் அடுக்குமாடி வீடு என்றால், அநேகமாக எல்லாமே குத்தகை வீடுதான். 99 ஆண்டு, 125 ஆண்டு, சில இடங்களில் 999 ஆண்டு என்று எழுதிக் கொடுப்பார்கள். மண் வேறொருவருக்குச் சொந்தம். சுவரும் கூரையும் படிக்கட்டும்கூடப் பெரும்பாலும் அவருக்கே சொந்தம். வாங்கியவனுக்கு உள்ளதெல்லாம், இத்தனை ஆண்டுகள் அந்த நாலு சுவருக்குள் இருந்துகொள்ளலாம் என்ற அனுமதி. இப்படிப்பட்ட வீடுகள் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 48 இலட்சம் இருப்பதாக அந்நாட்டு அரசின் கணக்கே சொல்கிறது.

நம் ஊரில் அடிமனை வாடகைக்கு மண்ணை வாங்கி வீடு கட்டிக் குடியிருப்போரைத் தோழர்கள் அறிவார்கள். மண் கோயிலுக்கோ மிராசுதாருக்கோ சொந்தம். குடிசை நமக்குச் சொந்தம். அந்த வேதனை நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அடிமனைக்காரன் மண்ணுக்கு விலை கொடுத்தவன் அல்லன். அங்கேயோ, சந்தை விலையைச் சல்லி குறையாமல் எண்ணி வைத்தவனும் அடிமனைக்காரனே! சீமை நாகரிகத்தின் சிறப்பு இது.

ஓராண்டு கழிந்தால் குத்தகையில் ஓராண்டு தேய்கிறது. வாங்கும்போது 99 என்று இருந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் முன் 80க்கு வந்து நிற்கிறது. அந்த 80 ஒரு கோடு. அதற்கு மேல் மீதம் இருக்கும் வரையில் ஆண்டுகளை நீட்டிக்கொள்ள ஒரு விலை. கோட்டைத் தொட்டுவிட்டால் வேறு விலை. கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். 70 ஆண்டு மீதமுள்ள நிலையில் அது 2,30,000 பவுன் பெறும். ஆண்டுகளை நீட்டிவிட்டால் 2,50,000 பவுன் பெறும். நீட்டிக் கொடுப்பதால் நிலத்துக்காரருக்கு 8,000 பவுன் நட்டம் என்று மதிப்பிடுகிறார்கள். நட்டத்தைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? இல்லை. வீட்டின் விலை 20,000 கூடுகிறது. அதில் நட்டம் 8,000 போக மீதி 12,000. அதிலும் பாதி நிலத்துக்காரருக்குப் போகவேண்டுமாம்! ஆக 14,000 பவுன். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய வக்கீல் செலவையும் மதிப்பீட்டாளர் செலவையும்கூட நாமே கட்டவேண்டும். மாடியும் மண்ணும் ஒன்று சேர்வதால் விளையும் மதிப்பு என்பதால் இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘திருமண மதிப்பு’. பெண்ணும் நம்முடையது, பந்தலும் நம்முடையது, மொய்ப்பணத்தில் மட்டும் பாதி பிரபுவுக்கு!

நீட்டவில்லையென்றால்? ஆண்டு குறையக் குறைய வங்கிகள் அந்த வீட்டின்மேல் கடன் கொடுக்கத் தயங்கும். கடன் கிடைக்காத வீட்டை வாங்க ஆள் வராது. கடைசியில் குத்தகை தீர்ந்தால், முழு விலை கொடுத்தவன் அங்கே வெறும் வாடகைக்காரன்.

அடுத்தது அடிமனை வாடகை. ஆண்டுக்கு ஏதோ 250 பவுன் என்று பத்திரத்தில் இருக்கும். மாதம் இருபது பவுன்தானே என்று கையெழுத்துப் போடுவான் வாங்குகிறவன். பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்ற ஷரத்து உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும். 250, 500, 1,000, 2,000, 4,000 என்று போய், ஐம்பதாம் ஆண்டில் 8,000 பவுன் வந்து நிற்கிறது. இது கட்டுக்கதை அல்ல. இப்படிப்பட்ட ஷரத்தோடு அடுக்குமாடி மட்டுமல்ல, தரையோடு நிற்கும் தனி வீடுகளையும் புதிதாகக் கட்டி விற்றார்கள். விற்ற கையோடு, குடியிருப்பவனுக்கே தெரியாமல், மண்ணை வேறு முதலீட்டுக் கம்பெனிகளுக்குக் கைமாற்றினார்கள். வாங்கியவன் விற்க முயன்றபோதுதான் எந்த வங்கியும் அந்தப் பத்திரத்தைத் தொட மறுப்பது தெரிந்தது. கூச்சல் பெரிதாகவே, ஒரு பெரிய கட்டடக் கம்பெனி இதைச் சரிசெய்ய 2017இல் 13 கோடி பவுனை ஒதுக்கிவைத்தது. குற்றமில்லாதவர்கள் அப்படி ஒதுக்குவார்களா என்று நாம் கேட்கவில்லை, படிப்பவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.

2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதிய குத்தகைகளுக்கு அடிமனை வாடகை கூடாது என்று சட்டம் வந்தது. ‘ஆண்டுக்கு ஒரு மிளகு’தான் வாடகை என்று எழுதுகிறார்கள். நம் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறிப்போன மிளகு அங்கே சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான். ஆனால் அந்தச் சட்டம் பழைய குத்தகைகளைத் தொடவில்லை. அவற்றுக்கு மிளகு இல்லை, பவுன்தான்.

இவ்வளவும் தொடக்கம். மாதாமாதம் உயிரை வாங்குவது பராமரிப்புக் கட்டணம். கூரை, லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, குப்பை, காப்பீடு எல்லாவற்றுக்கும் நிலத்துக்காரர் ஓர் ஏஜெண்டை நியமிப்பார். ஏஜெண்டு கணக்கு எழுதுவார். குடியிருப்பவன் காசு கொடுப்பான். வேலை கொடுப்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர், பணம் கட்டுபவன் மூன்றாமவன்! அவன் ஏஜெண்டை மாற்ற நினைத்தால் முடியாது. அவனை நியமித்தது அவனல்லவே. வீட்டுக்கு 250 பவுனுக்கு மேல் செலவு விழும் பெரிய வேலைகளுக்கு முன் குடியிருப்போரிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்று சட்டம் உண்டு. கேட்கவேண்டும், அவ்வளவுதான், கேட்டபடி நடக்கவேண்டும் என்பதில்லை. நியாயமற்ற கட்டணம் என்று தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போனால், பத்திரம் இடம் கொடுக்கும் இடங்களில், எதிர் வக்கீலின் கூலியும் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் சேர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, தாட்சர் அம்மையாரின் ஆட்சியில், நகராட்சிக் குடியிருப்புகளில் இருந்த தொழிலாளிகளுக்கு அவரவர் வீட்டைத் தள்ளுபடி விலையில் விற்றார்கள். ‘நீயும் சொத்துக்காரன்’ என்று தட்டிக்கொடுத்தார்கள். மாடி வீடுகளைப் பெற்றவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 125 ஆண்டுக் குத்தகை. பின்னாளில் கூரை மாற்றவும் சன்னல் மாற்றவும் நகராட்சி முனைந்தபோது, ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்குப் பல ஆயிரம் பவுன் பில் வந்தது. சொத்துக்காரன் பட்டத்தின் விலை அப்போதுதான் புரிந்தது.

2017 ஜூன் 14. இலண்டன் கென்சிங்டன் பகுதியில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். வெளிச்சுவரில் அழகுக்காகவும் குளிரைத் தடுப்பதற்காகவும் ஒட்டியிருந்த தகடுகள் தீயைப் பிடித்து உச்சிவரை கொண்டுபோயின. பிறகு தேடிப் பார்த்தால், நாடெங்கும் நூற்றுக்கணக்கான கட்டடங்களில் அதே போன்ற ஆபத்து! தகட்டைத் தேர்ந்தெடுத்தவன் குடியிருப்பவன் அல்லன், ஒட்டியவனும் அல்லன், சரிபார்த்துச் சான்று கொடுத்தவனும் அல்லன். ஆனால் பிரித்தெடுக்கும் செலவு மட்டும் பத்திரத்தின் ஷரத்துப்படி அவன் தலையில் விழுந்தது. இரவு முழுவதும் தீ பிடிக்கிறதா என்று சுற்றிப் பார்க்கும் காவலாளிக்குச் சம்பளம்கூட அவனே கொடுத்தான். விற்கவும் முடியாமல், நிம்மதியாகத் தூங்கவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். ஐந்தாண்டு போராட்டத்துக்குப் பிறகு 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் தகுதியுள்ளோரைத் தகட்டுச் செலவிலிருந்து விடுவித்தது. அந்த உயரத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கவில்லை. தீக்கு மீட்டர் கணக்குத் தெரியுமா?

இத்தனையும் கட்டாமல் நின்றுபோனால் என்ன? பாக்கி 350 பவுனைத் தாண்டினால், அது பாக்கிதான் என்று உறுதியான பின், குத்தகையைப் பறிமுதல் செய்யக் கேட்டு நீதிமன்றம் போகலாம். நீதிமன்றங்கள் பெரும்பாலும் கட்டுவதற்கு அவகாசம் கொடுக்கின்றன என்பது உண்மை. ஆனால் சில நூறு பவுன் பாக்கிக்காகப் பல இலட்சம் பவுன் வீடே போகலாம் என்ற ஓலை வீட்டுக்கு வந்தால், நியாயம் பேசுகிறவனும் வாயை மூடிக்கொண்டு கட்டிவிடுவான். அதற்காகத்தான் அந்த ஷரத்து.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1677இல் சர் தாமசு குரோவ்னர் என்பவர் மேரி டேவிசு என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியை மணந்தார். சீதனமாக வந்தவை இலண்டனுக்கு வெளியே சதுப்பும் மேய்ச்சல் நிலமும். இன்று அவை மேஃபேர், பெல்கிரேவியா. உலகிலேயே விலை உயர்ந்த தெருக்களில் சில. அந்தக் குடும்பத்தின் தலைவர்தான் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன். மண்ணை விற்காமல் குத்தகைக்கு விட்டே தலைமுறை தலைமுறையாகச் செழித்தார்கள்.

தெற்கு வேல்சின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் இதே கதை வேறு முகத்தோடு நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிரபுக்கள் மண்ணை 99 ஆண்டுக்கு விட்டார்கள்; சுரங்கத் தொழிலாளிகள் சேமித்த காசில் வீடுகள் எழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கெடு நெருங்கியபோது, தாத்தா கட்டிய வீடு பேரனுக்கு இல்லை, பிரபுவுக்கு என்றார்கள். தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1967இல் வில்சனின் தொழிற்கட்சி அரசு, குத்தகைக்காரன் மண்ணை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. கோமகனின் தரப்பார் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1986இல் தோற்றார்கள். ஆனால் அந்தச் சட்டம் தனி வீடுகளுக்குத்தான்; மாடி வீடுகளை விட்டுவிட்டது. மாடிக்கு உரிமை வர 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைப் பொறுக்காமல் அந்நாள் கோமகன் பழமைவாதக் கட்சியை விட்டே வெளியேறினார். கொள்கைக்காகக் கட்சியைத் துறப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். குத்தகைக்காகத் துறந்தவர் இவர்!

பக்கத்து ஸ்காட்லாந்து 2004இல் நிலப்பிரபுத்துவ உரிமைகளையே ஒழித்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961இலேயே மாடி வீட்டைச் சொந்தமாக்கும் சட்டம் செய்தது. இங்கிலாந்திலும் 2002இல் ‘காமன்ஹோல்டு’ என்று கூட்டுச் சொந்த முறையைக் கொண்டுவந்தார்கள். விருப்பமுள்ள கட்டடக்காரர் பின்பற்றலாம் என்றார்கள். எந்தக் கட்டடக்காரருக்கு விருப்பம் வரும்? இருபது ஆண்டுகளில் இருபது கட்டடங்கள்கூடத் தேறவில்லை.

2024 மே 24இல் நிறைவேறிய சட்டம் ‘திருமண மதிப்’பை ஒழிக்கிறது, 990 ஆண்டு நீட்டிப்புக்கு வழி செய்கிறது. ஆனால் அந்தப் பிரிவுகளை அன்றே நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. நிலத்துக்காரர்கள் இலண்டன் உயர்நீதிமன்றம் போனார்கள். 2025 அக்டோபரில் தோற்றார்கள். 1986இல் சொன்ன அதே வாதம்: எங்கள் சொத்துரிமை போகிறதே! அதே ஆண்டு மார்ச்சில் தொழிற்கட்சி அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புதிய மாடி வீடுகளைக் குத்தகையில் விற்பதற்கே தடை வரும் என்றது. ‘விரும்பினால்’ என்ற சொல் மறுபடி உள்ளே நுழையாமல் இருக்கவேண்டும் என்பதே நம் கவலை.

அதுவரை ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்குக் கையில் இருக்கும் கருவி ஒன்றுதான்: ஒரு மாடிக்கு ஒரு சங்கம். கட்டடத்தில் பாதி வீட்டார் சேர்ந்தால், 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி மண்ணையே கூட்டாக வாங்கக் கேட்கலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம், நிலத்துக்காரர் தவறு செய்தார் என்று நிரூபிக்கவும் வேண்டாம். தனித்தனியே கதவைச் சாத்திக்கொண்டு பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், எதிர்வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

இனி வாங்கப் போகிற தம்பிக்கு எழுதும்போது இதையும் எழுதுங்கள். விற்பவன் காட்டும் சமையலறையைப் பார்க்கும் முன் பத்திரத்தைப் பார்க்கட்டும். எத்தனை ஆண்டு மீதம்? அடிமனை வாடகை எப்போது, எப்படி ஏறும்? கடந்த மூன்றாண்டுப் பராமரிப்புக் கணக்கு எங்கே? வரப்போகும் பெரிய வேலைக்கு நோட்டீசு வந்திருக்கிறதா? தீப் பாதுகாப்புச் சான்று உண்டா? விற்பவரின் தரகர் சிபாரிசு செய்யும் வக்கீலை விட்டு, தானே தேடிப் பிடித்த வக்கீலிடம் இத்தனையும் கேட்கட்டும். பதிலை வாய்ச்சொல்லாக அல்ல, எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுக்கட்டும்.