பன்றிக்கு இடம் சரி, வளர்ப்பவருக்கு?

தோழர்களே, பன்றி வளர்த்து முன்னேறச் சொல்கிறார்கள். வளரும் பன்றிக்குக் கூரையடியில் ஏறக்குறைய 10 சதுர அடி, அதே அளவு திறந்தவெளி வேண்டுமாம். பால்குடி மறந்த குட்டியின் தீவனத்தில் 18 சதவீதம் புரதம் வேண்டுமாம். கணக்கு சரிதான். தொப்பூர்ச் சேரியில் இரண்டு, மூன்று சென்ட்டில் குடும்பமே நெருக்கியடித்துக் கிடக்கும்போது கொட்டகையை எங்கே போடுவது?

நெரிசலில் வலுத்தது தின்னும், இளைத்தது பட்டினி கிடக்கும். கணவாய்ச் சாலை ஓட்டல்களின் மிச்சச் சோற்றில் வயிறு நிரம்பும், சதை பிடிக்காது. மக்காச்சோளமும் கடலையும் விளைவிக்க நமக்கு நிலமில்லை. புண்ணாக்கையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். குட்டி தேறாவிட்டால், 'இவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை' என்று பழி நம்மீதே.

1892 முதல் சென்னை மாகாணத்தில் நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் கையில்? அரசே, கடனையும் குட்டியையும் நீட்டுவதற்கு முன் அந்த நிலத்தை மீட்டுக் கொடு. வளர்ச்சியைப் பிறகு பேசலாம்.