பள்ளி திறக்குமுன் கதவைத் தட்டுவோம்

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. நம் சங்கத்தின் கிளைகள் எதில் மும்முரமாக இருக்கின்றன? மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை உயர்வு கேட்டு அடுத்த மறியலுக்கு ஆள் திரட்டுவதில். அது நடக்கட்டும், நடந்தே ஆக வேண்டும். ஆனால் இந்த மே மாதம் முழுவதையும் மறியலுக்கே கொடுத்துவிட்டால், ஜூனில் பள்ளி வாசலோடு திருப்பி அனுப்பப்படும் பிள்ளைக்காக ஆகஸ்டில்தான் மனு எழுதிக்கொண்டிருப்போம். அதற்குள் அந்தத் தாய் மனம் விட்டுப்போய்ப் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொண்டிருப்பார். பிறகு அந்தப் பிள்ளையைப் பதினெட்டு வயதில் பார்ப்போம், கையில் உதவித்தொகை மனுவோடு.

உதவித்தொகையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது 2023 ஜனவரியில். ஆந்திரத்தில் 2024 ஜூலையில் ஒரே கையெழுத்தில் 3,000 ரூபாய் 6,000 ஆனது. படுத்த படுக்கையாக இருப்போருக்கு 15,000. ஒன்றிய அரசு தன் பங்காக வைத்திருப்பது மாதம் 300 ரூபாய். அதற்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், குறைபாடு 80 சதவீதம் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை மேடைதோறும் சொல்லுவோம். சொல்லும்போதே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: நம்மில் இத்தனை பேர் அந்த 1,500 ரூபாயை மட்டுமே நம்பி உட்காரும் நிலை எப்படி வந்தது? படிக்கவிடவில்லை. படித்தவருக்கு வேலை கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்ட அம்மாவும் வேலைக்குப் போக முடியவில்லை. இந்த மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதான உதவித்தொகையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், ஆட்சியாளர்களுக்கு அதைவிட வசதியான சங்கம் கிடைக்காது.

பள்ளியிலிருந்து தொடங்குவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 31ஆம் பிரிவின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு, தலைமையாசிரியருக்கு அல்ல. 16ஆம் பிரிவு இன்னும் பச்சையாகச் சொல்கிறது: அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழிப்பறையும் வகுப்பறையும் பிள்ளை போய்வரும்படி இருக்க வேண்டும். பிள்ளைக்கு வாகன வசதி வேண்டும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையானால் உடன் வருபவருக்கும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதில் அடக்கம் என்பதைத் தடித்த எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நடப்பது வேறு. யாரும் "சேர்க்க மாட்டோம்" என்று சொல்வதில்லை. "எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லீங்களே, அந்த ஸ்கூல்ல கேட்டுப் பாருங்களேன், பாப்பாவுக்கும் அதுதாங்க நல்லது" என்பார்கள். குரலில் அத்தனை கனிவு இருக்கும். அம்மா நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். இந்தக் கனிவுக்கு நம்மிடம் ஒரே பதில்தான் உண்டு: "அதை எழுத்தில் கொடுங்கள்." மறுப்பை எழுதிக் கையெழுத்துப் போடத் துணியும் பள்ளியை நான் இதுவரை பார்த்ததில்லை. பேனாவை நீட்டியதும் சேர்க்கைப் படிவம் வெளியே வந்துவிடும்.

சேர்த்துவிட்டால் முடிந்ததா? வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும். சாய்வுதளம் கட்டியிருப்பார்கள், அது ஏறிப் போய் முடியும் இடத்தில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு படி நிற்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்குப் பூட்டு. உள்ளே உடைந்த பெஞ்சும் பழைய வினாத்தாள் கட்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் அம்மா, மதிய இடைவேளையில் அவளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போக மறுபடி வந்து நிற்பார். அவர் எந்த வேலைக்குப் போவார்?

சிறப்புப் பயிற்றுநர் விஷயத்தில் நம் தோழர்கள் சிலருக்கே தெளிவு வேண்டும். "வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்" என்று அவரோடு சண்டைக்குப் போகிறோம். அவரும் ஒப்பந்தக் கூலிதான். வட்டாரம் முழுக்க அலைகிறார். தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது. அந்தக் கணக்கில் நிரந்தரப் பணியிடம் கேட்டு அவர்களோடு ஒரே பந்தலில் உட்கார வேண்டியவர்கள் நாம். அவர்கள் சம்பளம் வருவது ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்திலிருந்து. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்று அந்தக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததே, அந்த அடி முதலில் விழுந்த முதுகுகளில் நம் பிள்ளைகளின் முதுகும் ஒன்று. அன்று நாம் தெருவுக்கு வந்த அளவு போதாது.

அடுத்தது வேலை. 1995 சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த இட ஒதுக்கீடு 2016 சட்டத்தில் 4 ஆனது. பார்வைக் குறைபாட்டுக்கு ஒன்று, காது கேளாமைக்கு ஒன்று, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு ஒன்று. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், விழுங்கக் கூடாது. "பின்னடைவுப் பணியிடங்களை நிரப்பு" என்று கோஷம் போட்டுப் போட்டு நம் தொண்டை கட்டிவிட்டது. எந்த அலுவலகத்தில் எத்தனை இடம் என்று கேட்டால் நம்மிடமே பட்டியல் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் முடியும் வேலை இது. ஒவ்வொரு மாவட்டக் குழுவும் தன் மாவட்டத்தின் நகராட்சி, கூட்டுறவு, பல்கலைக்கழகம், போக்குவரத்துக் கழகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு அனுப்பட்டும்: மொத்தப் பணியிடம் எத்தனை, 4 சதவீதத்தில் நிரம்பியது எத்தனை, எந்த ஆண்டிலிருந்து பாக்கி. பதில் வராவிட்டால் மேல்முறையீடு. எண் கையில் இருந்தால் போராட்டத்துக்குப் பல் முளைக்கும்.

தனியார் நிறுவனங்களை ஏன் விட்டுவைத்திருக்கிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. எந்த நிறுவனமானாலும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிட வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர்ச் சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலை வாசலில் அதைப் பார்த்தீர்கள்? தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியாகவாவது இதைச் சேருங்கள். விபத்தில் காலை இழந்த அரசு ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அது உங்கள் உறுப்பினருக்கும்தானே?

"இவர்களால் இந்த வேலை முடியாது" என்பவர்களிடம் நீதிமன்றங்களைக் காட்டுங்கள். பார்வையில்லாதவர் நீதிபதி ஆகக் கூடாது என்று தடுத்த மத்தியப் பிரதேச விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. முழுமையாகப் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ ஜெபின் 2015இலேயே இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்துவிட்டார். பக்கத்து ஊராட்சி அலுவலகத்தில் கணினி முன் உட்கார ஒருவருக்குத் தகுதி இல்லை என்று யார் சொல்வது?

குடும்பங்களிடம் வருகிறேன். நம் சங்கம் மிகக் குறைவாகப் பேசியிருக்கும் இடம் இது. "எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்காத பெற்றோர் உண்டா? அந்தக் கேள்விக்கு முழுப் பதில் எந்த அரசிடமும் இல்லை. ஆனால் இருக்கும் கொஞ்சத்தைக்கூட நாம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அதன் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் ஒரு லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். வயது வரம்பில்லை, முன்பரிசோதனை இல்லை. பதினெட்டு முடிந்த மகனின் வங்கிக் கணக்கில் கை வைக்க முடியாது என்று மேலாளர் சொன்னதும் விழிக்கிறார் அப்பா. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் சட்டப் பாதுகாவலர் சான்று வாங்கலாம் என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பராமரிப்பவருக்கும் ஒரு படியைப் பற்றிப் பேசுகிறது. மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் உதவி என்கிறது. உதவித்தொகை மறியலில் இந்தப் பிரிவு எண் பதாகையில் இருக்கட்டும்.

பொதுக் கட்டடங்களை நாம் போய்வரும்படி சரிசெய்ய, உரிமைச் சட்டத்தின் 2017 விதிகளிலிருந்து ஐந்து ஆண்டு கெடு. 2022இல் முடிந்தது. அணுகல் வசதி ஆலோசனையல்ல, கட்டாயம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மூன்று சக்கர வண்டியில் போய் வரும் தோழர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

2025இல் தமிழ்நாட்டின் ஊராட்சி, நகராட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டு, உள்ளாட்சிகளில் நியமன உறுப்பினராக நாம் அமர வழி பிறந்தது. அந்த நாற்காலியில் ஆளுங்கட்சிக்காரரின் உறவுக்காரர் உட்காரப்போகிறாரா, நம் பிரச்சினை தெரிந்தவர் உட்காரப்போகிறாரா என்பது நம் விழிப்பைப் பொறுத்தது.

இந்த வாரமே தொடங்குங்கள். கிளைக்கு ஒரு நோட்டு. கிராமம் கிராமமாக, தெருத்தெருவாகப் போங்கள். பிள்ளையின் பெயர், வயது, அடையாள அட்டை உண்டா, பள்ளியில் பெயர் உண்டா, உண்மையில் போகிறதா, அம்மா முன்பு என்ன வேலை பார்த்தார் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சில வீடுகளில் பிள்ளையை உள்ளறையில் வைத்துக்கொண்டு "எங்க வீட்டுல அப்படி யாருமில்லை" என்பார்கள். வற்புறுத்த வேண்டாம், மாதர் சங்கத் தோழர் ஒருவரோடு இன்னொரு நாள் போங்கள். மே 31க்குள் நோட்டுகள் ஒன்றியக் குழுவுக்கு வந்துவிட வேண்டும்.

பள்ளி திறக்கும் நாளில் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு தோழர் போகட்டும். கையில் 16ஆம் பிரிவின் தமிழ் நகல் இருக்கட்டும். குரலை உயர்த்த வேண்டாம். தலைமையாசிரியரும் நமக்கு வேண்டியவர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். சேர்க்கை எண்ணைக் கையில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.