போகிக்கு ஒரு நாள் கெடுபிடி! மீதி 364 நாள்?

போகி வந்தால் போதும். சென்னையில் எல்லோருக்கும் காற்றின் மேல் அக்கறை வந்து விடுகிறது. "டயர் கொளுத்தாதீர், டியூப் கொளுத்தாதீர்" என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக் கொள்கிறது. விடியற்காலையில் ரோந்து, எச்சரிக்கை, பறிமுதல் எல்லாம் நடக்கிறது.

வேண்டியதுதான். 2018 ஜனவரி 13-ந்தேதி போகிப் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடியதை ஊரே பார்த்தது. டயர் கொளுத்துகிறவனுக்குப் பரிந்து பேச யாரும் தேவை இல்லை.

ஆனால், பொங்கல் முடிந்ததும் இந்த அக்கறை எங்கே போச்சு?

கண்ணை எரிக்கிற புகையைப் பார்த்தால் ஜனங்கள் ஒதுங்கி விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆளைத் தீர்த்துக் கட்டுகிறது. டீசல், நிலக்கரி, குப்பை என எது எரிந்தாலும் அதில் நுண்தூசி கிளம்பும். ஒரு தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கில் நிற்காது, தும்மினாலும் வெளியே வராது. நுரையீரலின் அடி வரை போய் உட்காரும். அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும்.

இருமல், இழுப்போடு விட்டால் பரவாயில்லை. மாரடைப்பு, பக்கவாதம் வரை இழுத்துக் கொண்டு போகிறது. கர்ப்பிணி சுவாசித்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்க வாய்ப்பு உண்டு. மாசடைந்த காற்றால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2013-லேயே அறிவித்து விட்டது. பீடி, சிகரெட்டைத் தொடாத மனிதருக்கும் சேர்த்துத்தான்!

"நமக்கென்ன சார், கடற்காற்று இருக்கு. டெல்லி மாதிரி ஆகாது" என்பது டீக்கடைப் பேச்சு. பாதி உண்மை. கடற்காற்று மதியத்துக்கு மேல் வரும். மார்கழி, தை விடியலில் காற்று அசையாமல் நிற்கும்போது, புகையும் தெருவிலேயே நிற்கிறது.

சராசரிக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்தூசி ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது 2009-ல் மத்திய அரசு வைத்த அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு வெறும் 5. எட்டு மடங்கு வித்தியாசம்! பாஸ் மார்க்கை இவ்வளவு இறக்கி வைத்தால் யார்தான் பெயில் ஆவார்கள்?

அதுவும் ஊர்ச் சராசரி. சிக்னலில் நிற்கிற போலீஸ்காரரும் பிளாட்பாரத்தில் பூ விற்கிற அம்மாவும் சராசரியைச் சுவாசிப்பதில்லை. லாரியின் சைலன்சருக்கு நேராக, நாள் முழுக்க நிற்கிறார்கள்.

சரி, சட்டம் என்ன செய்கிறது? ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற குமாஸ்தாவிடம் புகைச் சான்றிதழ் இல்லை என்றால், 2019 திருத்தச் சட்டப்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் போடலாம். பலருக்கு அது ஒரு மாத வீட்டு வாடகை.

அந்தச் சோதனையில் பார்ப்பது என்ன? பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோல் ஆவியும். டீசல் வண்டியில் புகையின் கறுப்பு. நுண்தூசியை யாரும் எடை போடுவதில்லை. அந்தக் கறுப்பையாவது ஒழுங்காகப் பார்க்கிறார்களா? எண்ணூர் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நின்று கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தால் தெரியும். சர்டிபிகேட் சுத்தமாக இருக்கிறது. சைலன்சர்தான் கறுப்பாக இருக்கிறது.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2000-ல் பெட்ரோலில் இருந்து ஈயம் ஒழிந்தது. 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கடுமையான விதி வந்தது. 2025-ல் வியாசர்பாடியில் இருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. பழைய லாரி மட்டும் பழைய லாரியாகவே ஓடுகிறது.

இனி பெரிய புகைபோக்கிகளுக்கு வருவோம். நிலக்கரி மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் உத்தரவு போட்டது. இந்தக் கந்தகப் புகைதான் காற்றில் நுண்தூசியாக மாறுகிறது. 2 ஆண்டு கெடு. கெடு முடிந்தது, நீட்டித்தார்கள். மறுபடியும் நீட்டித்தார்கள். 2025 ஜூலையில், பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே வேண்டாம் என்று சொல்லி விட்டார்கள்! டெல்லி வட்டாரத்துக்கும் 10 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை கட்டாயம் மாட்ட வேண்டும். அதற்கும் 2027 டிசம்பர் வரை அவகாசம்.

ஸ்கூட்டர்காரர் "சார், 2 நாள் டைம் கொடுங்க" என்று கெஞ்சிப் பார்க்கட்டுமே!

வடசென்னைக்கு இது பழைய கதை. சென்னைத் துறைமுகத்து நிலக்கரித் தூசி பொறுக்க முடியாமல் வழக்குப் போனது. ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2011 அக்டோபரில் அங்கே நிலக்கரி நின்றது. ராயபுரம் பக்கம் மூச்சு விட்டார்கள். நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு! பக்கத்து மணலியை, கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதி என்று மத்திய வாரியமே 2009-ல் பட்டியல் போட்டிருந்தது. அந்த ஜனங்களுக்கு மட்டும் இரும்பிலா நுரையீரல்?

குப்பை கொளுத்தினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் சொன்னது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பை மலையே நாள் கணக்கில் எரிந்தது. ரசீது யார் பெயரில் கிழிப்பது?

அதிகாரிகள் இரண்டு காரியம் செய்யட்டும். லாரியை மறித்தால் முதலில் சான்றிதழைக் கேட்காமல், என்ஜினை முடுக்கச் சொல்லிப் புகையைப் பார்க்கட்டும். பெரிய ஆலைகளின் புகை அளவு நொடிக்கு நொடி வாரியத்தின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதே கணக்கை ஆலை வாசலிலும், அந்தப் பகுதிக் காற்றின் கணக்கைப் பஸ் நிறுத்தத்திலும், பாமரருக்கும் புரிகிற தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். மணலி, கொடுங்கையூர், ராயபுரத்தில் காற்றை அளக்கும் கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன. அங்கேயே ஆரம்பிக்கலாம்.