படகுச் சீட்டும் சாக்கடையும்

உதகை ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கியது. பின்னாளில் அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. எஞ்சிய நீரில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது. நகரின் நடுவே ஓடிவரும் கோடப்பமந்து கால்வாய் அதே நீரில்தான் ஊர்க் கழிவையும் கொண்டுவந்து கொட்டுகிறது. கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரம். அவை மண்டி, மடிந்து, மக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. படகில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வது இதனால்தான்.

இதைத் தட்டிக்கேட்க விதி இருக்கிறதா என்று பார்த்தால் வேடிக்கையான ஓட்டை ஒன்று தெரிகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டை வைத்து ஐந்தாக வகைப்படுத்தியிருக்கிறது: குடிக்க, குளிக்க, சுத்திகரித்துக் குடிக்க, மீன் வளர்க்க, பாசனத்துக்கும் ஆலைக்கும். படகுச் சவாரிக்கென்று தனி வகை இல்லை. குளிக்கும் நீரென்றால் லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்க வேண்டும். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன், 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. படகு விட மட்டும் அப்படி எந்த வரம்பும் இல்லை. நீர் எவ்வளவு கெட்டாலும் சீட்டு விற்கலாம். என் வாதம் இதுதான்: ஏரியைக் காட்டிக் காசு வாங்குகிறவர், குளிக்கும் நீரின் தரத்தையாவது எட்டியாக வேண்டும்.

ஊட்டிக் குளிரில் யார் குளிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். மிதிபடகு தெளிக்கும் நீர் முகத்தில்தான் விழுகிறது. குழந்தைகள் கையை நீரில் அளைந்துவிட்டு அதே கையால் சோளக்கதிர் தின்கிறார்கள். அவ்வப்போது தூர்வாரத்தானே செய்கிறார்கள் என்பது அடுத்த பதில். தூர்வாரினால் படிந்த சேறு போகும், பயன்தான். ஆனால் வரத்துக் கால்வாயை அப்படியே விட்டால் சேறு திரும்பச் சேரும். ஏரி ஒரு துறையிடமும் படகு இன்னொரு துறையிடமும் சாக்கடை நகராட்சியிடமும் இருக்கும்வரை எவருக்கும் அவசரம் வராது. உதகைக்கு வரும் வண்டிகளுக்கென 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் வாகனங்களை மட்டும் எண்ணுகிறது. விடுதிக் கழிவுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று அது கேட்பதில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குதிரைக்காரர்களும் கரையோரக் கடைக்காரர்களும் படகை நம்பிப் பிழைக்கிறார்கள். தரம் எட்டும்வரை படகை நிறுத்தினால் முதல் அடி அவர்களுக்கே. நியாயம். ஆகவே நிறுத்தச் சொல்லவில்லை. சீட்டு வருமானத்தில் ஒரு பங்கைக் கோடப்பமந்து கால்வாய்க்கென்றே ஒதுக்கி, கழிவு ஏரிக்குள் விழுமுன் சுத்திகரிக்கலாம். மாதந்தோறும் நீரைச் சோதித்து, முடிவைச் சீட்டுக் கவுன்டரில் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதி ஒட்டலாம். கூட்டம் குறைந்துவிடும் என்று கழகம் அஞ்சினால், நீரின் நிலை அதற்கே தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள்.