காகிதக் கிரீடத்தின் நிறம்



கனடாவின் டொரண்டோ நகரத்திலே, ஏரிக்கரையை அடுத்த கண்காட்சித் திடலில், 1993 முதல் ஓர் இராவிருந்துக் காட்சி நடைபெற்று வருகிறது. 'மிடீவல் டைம்ஸ்' என்பது அதன் பெயர். நம் சபைப் பிள்ளைகள் சிலர் அந்நாட்டில் குடியிருக்கிறபடியால், அவர்களைப் பார்க்கச் சென்ற பெற்றோர் எடுத்த காணொளிகள் வையம்பட்டி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. "ஐயா, விசுவாசிகள் இதற்குப் போகலாமா?" என்று கேட்டவர்களும் உண்டு. போகலாம். குடும்பமாய் உட்கார்ந்து சிரித்து உண்பதைப் பாவமென்று சொல்ல வேதத்தில் எனக்கு ஆதாரமில்லை.

காட்சி என்னவெனில், ஐரோப்பாவின் இடைக்காலத்து அரண்மனை. மணல் பரப்பிய அரங்கில் வீரர்கள் குதிரையேறி ஈட்டியால் மோதுகிறார்கள்; விழுகிறார்கள்; வாளெடுக்கிறார்கள். சுற்றிலும் மக்கள் உண்டுகொண்டே ஆரவாரிக்கிறார்கள். மாசி மாதத்தில் வீரப்பூருக்குத் திரளும் கூட்டத்தையும், பொன்னர் சங்கர் கதையை விடிய விடியக் கேட்கிறவர்களையும் அறிந்த நமக்கு வாள்கதை புதிதல்ல. அங்கே முள்கரண்டி கொடுப்பதில்லை, எல்லாரும் கையாலேயே உண்ணவேண்டும் என்பதைப் பெரிய அதிசயமாகச் சொல்லுகிறார்கள். நமக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. நான் கவனித்தது வேறொன்று. பரிமாறப்படுவது தக்காளி ரசம் போன்ற சூப், உருளைக்கிழங்கு, சோளக்கதிர். இம்மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தவை. 1492இல் கொலம்பஸ் கடல் கடந்ததற்குப் பின்னரே ஐரோப்பா அவற்றைக் கண்டது. இடைக்காலத்து மன்னன் ஒருவனும் அவற்றைச் சுவைத்ததில்லை. (நம் சாம்பாரின் தக்காளியும் மிளகாயும் அதே கடல் வழியாய் வந்தவைதாம்.) பழமையென்று நம் முன் வைக்கப்படுவது எவ்வளவு எளிதாய் நம்பப்படுகிறது, பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. உள்ளே நுழைகிறவர்களுக்கு ஒரு காகிதக் கிரீடம் தருகிறார்கள். அதன் நிறமே அவர்கள் உட்காரும் பகுதி. அந்நிற வீரனே அவர்களுடைய வீரன். அவனுக்காகக் கைதட்ட வேண்டும், எதிர்நிறத்தானை இகழ்ந்து கூவ வேண்டும். அரை மணி நேரத்திற்கு முன் அவனை இன்னாரென்று அறியாதவர்கள் தொண்டை வற்றக் கத்துகிறார்கள். காட்சி முடிந்ததும் கிரீடங்கள் தரையில் கிடக்கின்றன. அங்கே அது விளையாட்டு.

கிபியோன் குளத்தண்டையிலும் விளையாட்டாகத்தான் தொடங்கிற்று. வாலிபர் எழுந்து நம் முன்பாக விளையாடட்டும் என்று அப்னேர் சொல்ல, யோவாபும் இசைந்தான். 12 பேருக்கு எதிராக 12 பேர். ஒருவனையொருவன் தலையைப் பிடித்து விலாவிலே குத்தி, 24 பேரும் ஒருமிக்க விழுந்தார்கள். அன்று மாலைக்குள் தாவீதின் சேவகரில் ஆசகேலைத் தவிர 19 பேரும், அப்னேரின் மனுஷரில் 360 பேரும் மாண்டிருந்தார்கள். இரு தரத்தாரும் ஒரே இஸ்ரவேலின் சகோதரர்கள். 2 சாமுவேல் 2ஆம் அதிகாரத்தை இவ்வாரம் வீட்டில் வாசியுங்கள். ஆசாரமாக அல்ல, நிதானமாக.

நம் பள்ளிப்பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் பயின்ற பிள்ளைகளே அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. திருமண வீட்டு வாசலில் "ஆண்ட பரம்பரை" என்று பதாகை கட்டுகிறவர்கள் நாம்தாம். அந்தப் பதாகையிலுள்ள கிரீடமும் காகிதமே. அதை மட்டும் நாம் தரையில் போடுவதில்லை.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் மரித்த கிறிஸ்தவர்களைச் சாதியாகப் பிரித்து நின்ற சுவரைக் குறித்துக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கத்தோலிக்கருடையது என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென்று கட்டளையிட்டபோது, நற்கருணையில் மற்றவரோடு கலப்பதைவிடச் சபையை விட்டுப் போவதே மேலென்று தஞ்சைச் சீமையில் அநேகர் எண்ணினார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையார். கொரிந்துவிலும் பவுலைச் சேர்ந்தவன், அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று நிறம் பிரித்தவர்கள், கர்த்தருடைய பந்திக்கு வந்தபோது தங்கள் தங்கள் சாப்பாட்டையே உண்டார்கள். ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறித்திருந்தான். அப்போஸ்தலன் மிகவும் கடிந்து எழுதிய இடங்களில் அது ஒன்று.

நம் அறுப்பின் பண்டிகை விருந்தையும் எண்ணிப் பாருங்கள். ஒருவரும் கட்டளையிடவில்லை, ஆயினும் ஆண்டுதோறும் மேலத்தெருவார் முதற்பந்தி, கீழத்தெருவார் இரண்டாம் பந்தி. இது தற்செயல் என்று என்னிடம் சொல்லுகிறவர்கள், அடுத்த ஆண்டும் அப்படியே உட்காருகிறார்கள்.

ஆகையால் இவ்வாண்டு வாசலில் சீட்டு வைக்கப்படும். எடுக்கும் எண்ணே பந்தியின் எண். கணவன், மனைவி, சிறுபிள்ளைகளுக்கு ஒரே சீட்டு. முதியோர் தாங்கள் விரும்பும் நேரத்தில் உட்காரலாம். சமையலும் பரிமாறுதலும் ஒரே தெருவாரிடம் இராது. இரு தெருவாரும் சேர்ந்தே அடுப்படியில் நிற்பார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப்பின் சபைச் செயலரைக் காணவும். அப்படியானால் தாம் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விடுவதாக ஒருவர் எனக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். அவருக்கும் ஒரு சீட்டு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.