துவைத்தால் கெடும் என்பது அழுக்கின் வாதம்

மழை ஜாக்கெட்டைத் துவைக்கக் கூடாது என்ற நம்பிக்கை சிங்கப்பூர் மோட்டார்சைக்கிளோட்டிகளிடையே வேதவாக்காக நிலைத்துவிட்டது. கிளமெண்டியில் எந்த புளோக்கின் வாகன நிறுத்துமிடத்துக்குப் போனாலும் அதைச் சொல்ல ஒரு மூத்தவர் இருப்பார். “தம்பி, இத மட்டும் மெஷின்ல போட்ராதீங்க. ஒரு தடவ துவைச்சா போச்சு, மழை நேரா உள்ள வந்துரும்.” அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அக்கறையால் கெட்ட ஜாக்கெட்டுகள் மழையால் கெட்டவற்றைவிட அதிகமாக இருக்கும்.

முதல் சாட்சி ஜாக்கெட்டுக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது. உள்பக்கத் தையலோரம் ஒரு வெள்ளைத் துணித்துண்டு இருக்கும். அதில் தண்ணீர்த் தொட்டிபோல ஒரு குறி, அதற்குள் பெரும்பாலும் 30 அல்லது 40 என்ற எண். அந்த அளவு சூட்டுத் தண்ணீரில் துவைக்கலாம் என்பதுதான் அதன் பொருள். சலவை ஆகாது என்றால் அதே தொட்டியைக் குறுக்குக் கோடு போட்டு அடித்திருப்பார்கள். கோர்-டெக்ஸ் படலத்தைச் செய்யும் நிறுவனமே, 40 டிகிரியில் இயந்திரத்தில் துவையுங்கள், திரவ சோப்பைக் கொஞ்சமாகப் போடுங்கள், இரண்டு முறை அலசுங்கள் என்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொருளைச் செய்தவன் சொல்வதைவிட, பக்கத்து வண்டிக்காரர் சொல்வதை நாம் நம்புகிறோம்.

இரண்டாவது சாட்சி துணித் தொழிலின் சோதனைக்கூடத்தில் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 4920 என்ற தெளிப்புச் சோதனையில் துணியை 45 டிகிரி சாய்வில் பிடித்து, மேலிருந்து 250 மில்லிலிட்டர் தண்ணீரைத் தெளித்து, எவ்வளவு நனைந்தது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒரு துளிகூட ஒட்டாவிட்டால் 100. துணி வியாபாரத்தில் ‘80/20’ என்று ஒரு கணக்கு புழங்குகிறது. 20 சலவைக்குப் பிறகும் 80 மதிப்பெண் வாங்கும் துணி என்று அர்த்தம். நீர்விலக்கிப் பூச்சின் ஆயுளையே சலவைக் கணக்கில்தான் அளந்து விற்கிறார்கள். அதைத் துவைக்கக் கூடாது என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

விஷயம் புரிய ஜாக்கெட்டின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். வெளியே முரட்டு நைலான் அல்லது பாலியெஸ்டர். உள்ளே ஒரு மெல்லிய படலம். மழையை உண்மையில் தடுப்பது இந்தப் படலம்தான். 1969இல் பாப் கோர், டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. அதிலிருந்துதான் கோர்-டெக்ஸ் வந்தது. அதன் துளை நீர்த்துளியைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. மழை உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும்.

வெளித்துணியின் மேல் இருக்கும் நீர்விலக்கிப் பூச்சுக்கு வேலை வேறு. தாமரை இலைத் தண்ணீர்போல மழைத்துளியை உருட்டிவிடுவதுதான் அதன் வேலை. அது சோர்ந்துபோனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துவிடும். அப்போதும் படலம் மழையைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஊறிய துணி வெளியே கதவைச் சாத்திவிடுவதால் வியர்வை ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே குளிர்ந்து நீராகும். சட்டை நனையும். “ஜாக்கெட் ஒழுகுது” என்போம். பல நேரம் நம்மை நனைத்தது நம் வியர்வைதான்.

அந்தப் பூச்சைச் சோர்வடையச் செய்வது எது? கழுத்துப் பட்டையில் படிந்த தலையெண்ணெயும் உப்பும். தோளில் ஒட்டிய டீசல் புகைக் கரி. ஜூரோங், துவாஸ் பக்கம் போகும் லாரிகளுக்குப் பின்னால் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைக்கவசத்தின் கண்ணாடியைத் துடைத்த துணியைப் பார்த்தாலே போதும். அந்தக் கரியும் எண்ணெயும்தான் பூச்சின் மேல் படிந்து தண்ணீர் பிடித்து நிற்க இடம் தருகின்றன. பூச்சு பெரும்பாலும் போய்விடவில்லை, மூடிக்கிடக்கிறது. அழுக்கை எடுத்தால் ஒரு பகுதி உயிர்பெற்று வரும்.

இவ்வளவு பேர் நம்பும் ஒன்று எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தது மெழுகுப் பருத்தியிலிருந்து. பிரிட்டனில் 1894இல் தொடங்கிய பார்பர் நிறுவனம், மோட்டார்சைக்கிள் பந்தயக்காரர்களுக்காக 1936இல் ‘இன்டர்நேஷனல்’ என்ற மேலங்கியைச் செய்தது. பெல்ஸ்டாஃப் 1948இல் ‘டிரையல்மாஸ்டர்’ கொண்டுவந்தது. இரண்டும் மெழுகு ஏற்றிய பருத்தித் துணி. அவற்றைச் சோப்புப் போட்டுச் சூடான தண்ணீரில் துவைத்தால் மெழுகு கரைந்து ஓடிவிடும். பச்சைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மறுபடி மெழுகு ஏற்ற வேண்டும். அந்தக் காலத்து ஓட்டிகளுக்குத் துவைக்காதே என்பது சரியான அறிவுரை. துணி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறாமல் கைமாறி வந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. உண்மையிலேயே துவைத்துக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கெடுத்தது தண்ணீர் அல்ல, கூடவே ஊற்றியது. சலவைத்தூளும் வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கியும் இழையில் ஒரு படிவை விட்டுவிட்டுப் போகும். சோப்பின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இறங்கவைப்பது. சுத்தமான தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் அளவில் இருக்கும். சோப்பு கலந்தால் அது பாதிக்கும் கீழே போய்விடும். துளி உருளாது, படுத்துவிடும். சரியாக அலசாத ஜாக்கெட் மழையில் போனால் அந்த எச்சம் அதே வேலையைச் செய்கிறது. சந்தேகம் இருந்தால் அப்படித் துவைத்த பழைய ஜாக்கெட்டை வாளியில் வெறும் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். நீங்கள் சோப்பே போடவில்லை, ஆனாலும் நுரை எழும்பும்.

சரி, சிங்கப்பூரில் இதற்கு ஏன் இத்தனை கவலை? சாங்கி வானிலை நிலையத்தின் 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி ஆண்டுக்கு 171 நாள் மழை, மொத்தம் 2,113 மில்லிமீட்டர். விடியற்காலையில் சுமத்ராப் புயல்காற்று அடித்தால் வேலைக்குப் போகிறவர்கள் விரைவுச்சாலைப் பாலங்களுக்கு அடியில் வரிசையாக ஒதுங்கி நிற்பார்கள். மழை இல்லாத நாளில் வியர்வை. ஆண்டு முழுக்க காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். குளிர்நாட்டில் ஒருவர் ஒரு பருவத்தில் ஏற்றும் உப்பையும் எண்ணெயையும் நாம் சில வாரங்களில் ஏற்றிவிடுவோம். துவைக்காமல் வைத்திருக்க உலகிலேயே பொருத்தமில்லாத ஊர் இது.

செய்ய வேண்டியது பெரிய வித்தையும் அல்ல. தோள், முழங்கை, முதுகுப் பாதுகாப்பு அட்டைகளைக் கழற்றுங்கள். ஜிப்பையும் ஒட்டுப் பட்டைகளையும் மூடுங்கள். திறந்திருந்தால் அவை துணியைச் சுரண்டும். இயந்திரத்தின் சோப்பு அறையில் ஒட்டிக்கிடக்கும் பழைய தூளைக் கழுவுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் போன்றவர்கள் விற்கும் தனிச் சலவைத் திரவத்தைப் போட்டு, மென்மையான சுற்றில், குறைந்த பிழிவில் ஓடவிட்டு, இன்னொரு முறை அலசுங்கள்.

பிறகு தோளில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உருண்டு ஓடினால் வேறொன்றும் தேவையில்லை. படுத்தால், நீர்விலக்கி ஏற்றும் வேளை. மோட்டார்சைக்கிள் ஜாக்கெட்டுக்குத் தெளிப்பான்தான் பொருத்தம். இயந்திரத்தில் ஊற்றும் வகை உள்துணியிலும் ஏறி, வியர்வையை உறிஞ்ச வேண்டிய துணியையும் தண்ணீரை விரட்ட வைத்துவிடும். ஈரத்துணியின் மேல் தோள், முன்கை, மடி என்று மழை மோதும் இடங்களில் தாராளமாகத் தெளித்து, சில நிமிடம் கழித்து வழிவதைத் துடையுங்கள். சில தெளிப்பான்கள் காற்றிலேயே பதமாகும், சிலவற்றுக்குச் சூடு வேண்டும், புட்டியில் எழுதியிருக்கும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு மூங்கில் கம்பில் கிடைக்கும் வெயில் அந்தச் சூட்டுக்குப் போதாது. துணித்துண்டின் குறி அனுமதித்தால், காய்ந்தபின் புளோக்குக்குக் கீழே உள்ள சலவைக்கடையின் உலர்த்தியில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் சுழலவிடுங்கள். அடங்கிக்கிடக்கும் பழைய பூச்சும் அதில் நிமிரும்.

எல்லா ஜாக்கெட்டையும் சலவை மீட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. தையல் ஒட்டுப்பட்டை உரிந்துவிட்டால் மீளாது. விலை குறைந்த பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் தானாகவே சிதைந்து, உள்ளே பிசுபிசுத்துச் செதில்செதிலாக உதிரும். அதையும் சலவையின் தலையில் போடுவார்கள். உண்மையில், நனைந்த ஜாக்கெட்டைச் சுருட்டி வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் பழக்கமே அந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது.

இனி வரும் காலத்தில் துவைக்காமல் இருப்பது இன்னும் பெரிய தப்பாகும். பழைய பூச்சுகளில் ஃபுளோரின் சேர்மங்கள் இருந்தன. அவை தண்ணீரை மட்டுமல்ல, எண்ணெயையும் விலக்கின. ஆனால் அவை மண்ணிலும் உடம்பிலும் சிதையாமல் தங்குகின்றன. அவற்றில் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. 2019இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் ஏறியது. கடைக்கு வரும் புதிய ஃபுளோரின் இல்லாப் பூச்சுகள் தண்ணீரை நன்றாக விரட்டும், எண்ணெயை விரட்டாது. தலையெண்ணெயும் புகைக் கரியும் அவற்றில் சீக்கிரம் ஒட்டும். புது ஜாக்கெட் வாங்கி, பழைய நம்பிக்கையோடு துவைக்காமல் வைத்திருப்பவருக்கு முதல் மழைக்காலத்திலேயே ஏமாற்றம் காத்திருக்கிறது. அவரும் கடைக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த ஜாக்கெட்டுக்குக் காசு எண்ணுவார்.

எண்ணுவதற்கு முன் வரிசையாகச் செய்யுங்கள்: துவையுங்கள், தெளியுங்கள், சூடேற்றுங்கள். அதற்குப் பிறகும் மழை உள்ளே வந்தால் தாராளமாகத் தூக்கி எறியுங்கள். துவைக்காமலே தூக்கி எறிகிறவர் ஜாக்கெட்டைத் தோற்றதாக அறிவிக்கிறார், அதற்குத் தேர்வே வைக்காமல்.